வெள்ள அரணும் ஓர் ஓட்டையும்

எங்கள் தொடர்மாடியின் பின்பக்கத்தில், கால்வாய்க் கரையோடு ஒரு சுவர் நிற்கிறது. அதில் கறுப்புக் கல் பதித்து, பொன்னெழுத்தில் ‘வெள்ளத் தடுப்புப் பேரரண்’ என்று வெட்டியிருக்கிறார்கள். பேரரண் என்றதும் யானை, அகழி, கொத்தளம் என்று எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். சுவர் என் நெஞ்சளவு உயரம். நானே உயரத்தில் பெயர் எடுத்தவள் இல்லை. அதன் மேல் முழங்கையை ஊன்றினால் கால்வாயின் மறுகரையில் காயப்போட்டிருக்கும் சாரம், சட்டை எல்லாம் நன்றாகத் தெரியும்.

விளம்பரத்தில் எங்கள் தொடர்மாடி வெள்ளவத்தையில் இருக்கிறது. கால்வாய் பெருகும்போது மாத்திரம் வெள்ளவத்தைக்காரர், அது தெஹிவளைப் பக்கமெல்லோ என்று கையைக் கழுவிவிடுவார்கள். தெஹிவளைக்காரர் அதைவிடக் கெட்டிக்காரர். எங்களைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். முன்பக்கத்துச் சின்னத் தெருவான ஒழுங்கை உயரத்தில் இருக்கிறது, எங்கள் வளவு கால்வாயை நோக்கிச் சரிந்து கிடக்கிறது. நிலத்தட்டில் ஒரே ஒரு வீடுதான், மிச்சமெல்லாம் கார் நிறுத்தும் இடம். அந்த ஒரு வீடு எங்களுடையது.

விவரம் தெரியாமல் வாங்கிய வீடு இல்லை அது. என் கணவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு மாடிப்படி அவருக்கு எமனாகிவிட்டது. லிப்டோ வாரத்தில் பாதி நாள் விரதம். நிலத்தட்டு என்றால் சக்கர நாற்காலியைத் தானே உருட்டி வாசலுக்கு வரலாம், ஒழுங்கையில் போகிற மீன்காரரோடு வாய் கொடுக்கலாம், மழை இல்லாத பின்னேரங்களில் கால்வாய்க் கரையில் இருந்து நாரையைப் பார்க்கலாம். பாடசாலையில் கணக்குப் படிப்பித்தவர். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் வாழ்ந்து பழகிய மனிதர். அவருக்காகத்தான் அந்த வீடு.

முதல் தடவை கால்வாய் பெருகி உள்ளே வந்தபோது அவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி நாலு பேர் மாடிக்குத் தூக்கினார்கள். நல்ல மனதோடுதான் தூக்கினார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் படியில் ஒருவர் கால் மாற்றி வைக்க, கதிரை சரிய, இவருடைய சாரம் விலக, மேல் படியில் நின்ற யாரோ அதையெல்லாம் போனில் படம் பிடித்தார்கள். நாங்கள் மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னம் அந்தப் படம் ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கேயிருந்து ஒரு மச்சாள் அழைத்து, அத்தான் இப்படி மெலிந்துவிட்டாரே என்று அழுதாள். தண்ணீர் வற்றி வீட்டுக்கு இறங்கிய பிறகுதான் இவர் என்னிடம் சொன்னார்.

“இனி ஒருத்தரையும் என்னைத் தூக்கவிடாதையும். நான் அந்தத் தண்ணிக்குள்ளேயே கிடக்கிறன்.”

நான் ஓம் என்றேன். சொல்லிவிட்டேன், ஆனால் எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்குத் தெரியாது. கால்வாய்க்கு நான் சொன்னால் விளங்கவா போகிறது?

அதனால்தான் முகாமைக் குழு சுவர் கட்டப்போகிறது என்றபோது எல்லோரையும்விட நான்தான் சந்தோசப்பட்டேன். குழுத் தலைவர் மூன்றாம் மாடி. நீர்ப்பாசனத்தில் பொறியியலாளராக இருந்து இளைப்பாறியவர். வன்னியில் எத்தனையோ குளக்கட்டுகளின் மேல் ஜீப்பில் போனவர். செயலாளர் இரண்டாம் மாடி, கணக்காய்வு உத்தியோகம் பார்த்தவர். யாராவது தும்மினாலும் முறைப்படி தும்மினார்களா என்று பார்ப்பார். குழுவில் நிலத்தட்டு ஆள் ஒருவரும் இல்லை. மேலே இருந்து பார்த்தால்தானாம் நிலைமை முழுதாகத் தெரியும்.

ஆனால் தலைவர் கீறிய முதல் படம் நல்ல படம், பொய் சொல்லக்கூடாது. சுவரின் அடியில், வளவு சரிந்து முடிகிற தென்மேற்கு மூலையில், ஓர் ஓட்டை வைத்திருந்தார். அதற்கு வெளிப்புறம் பார்த்த ஓர் இரும்புக் கதவு. உள்ளே மழைத்தண்ணீர் சேர்ந்தால் தள்ளித் திறந்துகொண்டு கால்வாய்க்குப் போகும். கால்வாய் பெருகினால் அதே கதவு அழுந்தி மூடிக்கொள்ளும். என் கணவர் அந்தப் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வேலை நேராக நடந்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. சுவருக்கு அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே பெயர் வேண்டும் என்றார்கள். தலைவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“தங்கச்சி, ஒரு நல்ல தமிழ்ச் சொல்லாய்ப் பார்த்துத் தாருங்கோ. வெறுமனே சுவர் எண்டால் ஆர் மதிப்பினம்?”

என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. நான் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்து இளைப்பாறியவள். கலைச்சொல் குழுக்களில் குந்தியிருந்தே இடுப்பு நொந்தவள். தண்ணீரை மறிக்கிற பொருள்களுக்குச் சொல் ஆக்க ஒருமுறை ஒரு குழு வைத்தார்கள். கால் நனையாத அறிஞர்கள் சுற்றிவர இருந்தார்கள். கடற்கரையில் ரெயில் பாதையைக் காப்பாற்றக் கொட்டிக் கிடக்கிற கருங்கல் குவியலுக்கு என்ன சொல் என்பது மட்டும் ஒரு முழுக் காலையைத் தின்றது. அலைதாங்கி என்றார் ஒருவர். தாங்குவது வேறு, தடுப்பது வேறு, ஆகவே அலைத்தடுப்பு என்றார் மற்றவர். இரண்டிலும் கம்பீரம் இல்லை, கடலரண் என்றார் மூன்றாமவர். வெள்ளவத்தையில் பின்னேரங்களில் அதன்மேல் இருந்து கச்சான் கடலை கொறிக்கிறவர்கள் அதைக் கல்லு என்கிறார்கள். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சமே கிடையாது. வயலில் கணுக்கால் தண்ணீரை மறிப்பது வரம்பு. குளத்துக்குக் கட்டு, ஆற்றுக்கு அணை. மறித்ததை வேண்டியபோது திறந்துவிட மதகு இருக்கிறது, துருசு இருக்கிறது. அதற்கும் மிஞ்சி நிரம்பினால் குளம் வான் பாயும். தண்ணீரோடு புழங்கிய சனம் மறிப்பதற்குச் சொல் வைத்த கையோடு விடுவதற்கும் சொல் வைத்திருக்கிறது. நான் தலைவரிடம் ‘கட்டு’ என்றேன். அவருடைய தொழிலில் ஒவ்வொரு நாளும் புழங்கிய சொல். அவர் முகம் சுருங்கியது. கட்டு என்றால் விறகுக் கட்டு, கீரைக்கட்டு நினைவு வருகிறதாம்.

பெயருக்காகக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் வைத்தார்கள். நானும் போனேன், போகாவிட்டால் இன்னும் மோசமாக ஏதாவது வைப்பார்கள் என்ற பயத்தில். செயலாளர் ‘ஃப்ளட் வோல்’ என்ற ஆங்கிலத்தை அப்படியே வைக்கலாம் என்றார். அவரைத் தமிழ்த் துரோகி போலப் பார்த்தார்கள். அதே ஆட்கள் வீட்டுக்குள் பேரப்பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் கொஞ்சுகிறவர்கள். அரண் வந்தது, பிறகு பேரரண் ஆனது. தடுப்பும் வேண்டும் என்று ஒரு பகுதி, வெள்ளமும் வேண்டும் என்று ஒரு பகுதி. கடைசியில் யாருடைய மனமும் நோகாமல் எல்லாச் சொல்லையும் கல்லில் ஏற்றினார்கள். அந்தக் கூட்டங்களில் ஒன்றிலாவது ஓட்டையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. கதைத்திருந்தால் அதற்கும் ஒரு பெயர் கிடைத்திருக்கும், பெயர் வைத்ததை மூட மனம் வந்திருக்காது.

சுவர் எழும்பிப் பூசுகிற தறுவாயில் கொட்டாஞ்சேனையிலிருந்து வாஸ்துக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். குளிரூட்டிய காரில் வந்து இறங்கி, போனிலிருந்த திசைகாட்டியை நீட்டிக்கொண்டு வளவைச் சுற்றி நடந்தார். தென்மேற்கு மூலைக்கு வந்ததும் நின்று, வயிற்றில் குத்து வாங்கியவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். அது கன்னி மூலை, அதில் துவாரம் இருக்கவே கூடாது, தண்ணீர் வடகிழக்கால்தான் வெளியேற வேண்டும் என்றார். வடகிழக்கில் ஒழுங்கை இருக்கிறது, அது எங்கள் வளவைவிட உயரம், தண்ணீர் மேல்நோக்கி ஏறுமா என்று நான் கேட்டேன். அவர் தலைவரின் பக்கம் திரும்பிக் கொஞ்சம் தணிந்த குரலில் ஒன்றைச் சொன்னார்.

“கன்னி மூலையில ஓட்டை இருந்தா வீட்டுல கன்னிப் பொண்ணுக்கு ஆகாதுங்க.”

தலைவரின் மகள் வங்கியில் வேலை செய்கிறாள். முப்பது தாண்டிவிட்டாள். அப்போதுதான் லண்டன் மாப்பிள்ளை ஒருவருக்குச் சாதகம் பொருந்தியிருந்தது. பின்னேரம் வேலையால் வந்து படியேறுவதற்கு முன் எங்கள் வாசலில் நின்று இவரோடு கிரிக்கெட் கதைக்காமல் போகமாட்டாள். இந்தத் தொடர்மாடியில் இவரை நோயாளியாகப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைத் திறந்தும் மூடியும் சம்பளம் எடுத்த மனிதர், போனில் சுழன்ற ஒரு முள்ளுக்கு முன் வாயை மூடிக்கொண்டார். இரும்புக் கதவைக் கழற்றி, ஓட்டையைக் கல்லும் சீமெந்தும் வைத்து அடைக்கச் சொன்னார். மேசனுக்கே விளங்கவில்லை. இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் அடைத்தான்.

நான் குழுக் கூட்டத்தில் எழும்பி நின்று, மழைத்தண்ணீர் எதால் போகும் என்று கேட்டேன். மோட்டர் ஒன்று வாங்குவோம் என்றார் செயலாளர். அதைக் கூட்டக் குறிப்பிலும் எழுதினார். எழுதியதோடு அவருடைய மோட்டர் ஓடி முடிந்தது. கறுப்புக் கல்லுக்கும் பொன்னெழுத்துக்கும் திறப்புவிழாவுக்கும் பிறகு மோட்டரின் முறை வரவேயில்லை. விழாவில் ஐயர் வந்தார், நிறைகுடம் வைத்தார்கள், வடை, கேசரி எல்லாம் இருந்தன. தலைவர் பேசும்போது, இனிக் கால்வாயிலிருந்து ஒரு துளி உள்ளே வராது என்றார். அது உண்மைதான். வரவில்லை.

தண்ணீர் வானத்திலிருந்து வந்தது. ஒரு ஞாயிறு முற்பகல், குழம்பு அடுப்பில் இருக்க, மழை பிடித்தது. எங்கள் கூரைத் தண்ணீரும் ஒழுங்கையில் ஓடிய தண்ணீரும் சேர்ந்து வளவுக்குள் இறங்கி, சரிந்து போய், பேரரணில் முட்டித் திரும்பின. குசினிக் கதவடியால் முதலில் வந்தது ஒரு செருப்பு. பிறகு தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. நான் குடையோடு பின்னுக்கு ஓடிச் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் கால்வாய் எங்கேயோ கீழே, தன் பாட்டில், சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கால்வாயிடமிருந்து எங்களைக் காப்பாற்றக் கட்டிய சுவர் எங்களிடமிருந்து கால்வாயைக் காப்பாற்றிக்கொண்டு நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தை எந்தக் கலைச்சொல் குழுவும் மொழிபெயர்த்திருக்க முடியாது.

திரும்பி வந்தபோது அவர்கள் அறை வாசலில் நின்றார்கள். தலைவர், செயலாளர், இன்னும் இரண்டு பேர். கையில் பிளாஸ்டிக் கதிரை, அதே கதிரை. முகங்களில் உதவி செய்யப்போகிற ஆட்களுக்கு வருகிற அந்தப் பிரகாசம். என் கணவர் கட்டிலின் இரண்டு பக்கச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு இருந்தார். பிடித்த கை வெளுத்திருந்தது.

“என்னைத் தூக்க வேண்டாம்” என்றார். “போய் அந்த ஓட்டையைத் திறந்துவிடுங்கோ.”

தலைவர் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார், அண்ணை பிடிவாதம் பிடிக்கக் கூடாதாம், இப்போது அதைப்பற்றிக் கதைக்கிற நேரம் இல்லையாம். செயலாளர், கூட்டம் வைக்காமல் பொதுச் சொத்தில் கைவைக்க முடியாது என்றார். முழங்கால் தண்ணீருக்குள் நின்றுகொண்டு சொன்னார். ஒரு மனிதனைத் தூக்குவதற்குக் கூட்டம் தேவையில்லை, ஒரு கல்லை எடுப்பதற்குத்தான் தேவை. நான் வாசலை மறித்துக்கொண்டு, இவரைத் தொட்டீர்களென்றால் நடப்பது வேறு என்றேன். அவர்கள் பின்வாங்கவில்லை, ஆனால் முன்னுக்கும் வரவில்லை. அவர்கள் கதிரையை வைத்துவிட்டு என்ன செய்வதென்று தங்களுக்குள் கதைக்கத் தொடங்க, அந்த இடைவெளியில் நான் காவல்காரரிடம் ஓடினேன்.

காவல்காரர் கம்பகாப் பக்கத்துச் சிங்கள மனிதர், நான் அண்ணன் முறையில் அய்யே என்று கூப்பிடுவேன். கல் பெயர்க்கிற இரும்பு அலவாங்கு கேட்டேன். எதற்கென்று அவருக்குத் தெரியும். “மகே ரஸ்ஸாவ யய் நோனா” என்றார், தன் வேலை போய்விடும் என்று. நான் உடைக்கிறேன், நீங்கள் எடுத்துத் தந்தால் மட்டும் போதும் என்று சிங்களத்தில் சொன்னேன். தந்தார். தந்துவிட்டு, தான் ஒன்றையும் பார்க்கவில்லை என்பதற்கு அடையாளமாக ஒழுங்கைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

அலவாங்கை ஒருமுறை தூக்கி இடித்துப் பாருங்கள், அறுபது தாண்டிய உடம்பு என்னவென்று தெரியும். இடுப்பளவு தண்ணீருக்குள் அடைத்த இடத்தைத் தடவித் தடவி இடித்தேன். சீமெந்து ‘ணங்’ என்றதே தவிர அசையவில்லை. குழுவினர் கதிரையோடு பின்படிக்கட்டுக்கு வந்து வரிசையாக நின்றார்கள். யாருமே கடைசிப் படிக்குக் கீழே இறங்கவில்லை. கல்லில் வெட்டிய பெயர் கவனம் என்று யாரோ சொன்ன சத்தம் கேட்டது.

அப்போதுதான் தலைவரின் மகள் மேலேயிருந்து இறங்கி வந்தாள். வீட்டு உடுப்போடு, ஈரத் தலையில் துவாய் சுற்றியபடி. அவர்களை விலக்கிக்கொண்டு வந்து தகப்பனின் முன் ஒரு கணம் நின்றாள்.

“அப்பா, அங்கிள் தூக்க வேண்டாமெண்டு தமிழிலதானே சொல்லுறார்” என்றாள்.

பிறகு தண்ணீருக்குள் இறங்கி என் கையிலிருந்த அலவாங்கை வாங்கினாள். அவள் நாலைந்து இடி இடித்திருப்பாள். படிக்கட்டிலிருந்து தலைவரின் குரல் வந்தது. அதட்டல் இல்லை, தணிந்த குரல்.

“அங்கை இல்லை பிள்ளை. கீழ, வலப்பக்கம். அதிலைதான் மெல்லிசு.”

எங்கே மெல்லியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை மெல்லியதாக விடச் சொன்னதே அவர்தானோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு. அப்படியென்றால் அவர்மேல் எனக்கு இருக்கும் கோபம் கூடுமே தவிரக் குறையாது. தெரியாதவன் அடைத்தால் மடையன் என்று விட்டுவிடலாம். அவர் தெரிந்துகொண்டே அடைத்தார், தெரிந்துகொண்டே கதிரையும் தூக்கி வந்தார்.

கீழ் வலப்பக்கத்தில் இடித்ததும் சீமெந்து பெயர்ந்தது, பின்னால் இருந்த கல் கழன்றது. தண்ணீர் என் கால்களை இழுத்துக்கொண்டு போனது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். வீட்டுக்குள் போனபோது மெத்தையின் கரை நனைந்திருந்தது, பிரிட்ஜ் செத்திருந்தது, அடுப்பில் குழம்பு அடிப்பிடித்திருந்தது. இவர் அப்படியே கட்டிலில் இருந்தார். சட்டத்தைப் பிடித்த கையை இன்னும் எடுக்கவில்லை. நான் ஒவ்வொரு விரலாக விடுவித்தேன். எனக்கு அழுகை வந்தது, பாதி ஆத்திரத்தில். இவர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தோல் உரிந்திருக்கிறது, மருந்து போடும் என்றார்.

லண்டன் சம்பந்தம் குழம்பியது. ஓட்டையால்தான் குழம்பியது என்று தலைவர் இன்னும் நம்புகிறார், ஒழுங்கையில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். மாப்பிள்ளையோடு போனில் கதைத்துத் தானே வேண்டாம் என்று சொன்னதாக அவள் எங்கள் வாசலில் நின்று இவரிடம் சொன்னாள், அன்றைய ஸ்கோரைச் சொல்கிற அதே குரலில். குழு என்மேல் விசாரணை வைத்தது. தொடங்கிய விசாரணை முடியவில்லை, முடிவும் சொல்லவில்லை. கழற்றிய இரும்புக் கதவை மாத்திரம் ஒருநாள் சத்தமில்லாமல் ஓட்டையில் திரும்பப் பொருத்திவிட்டார்கள்.

பொருத்திய பிறகு தலைவர் எங்கள் வாசலுக்கு வந்தார். அந்த ஓட்டைக்கு மேலே சின்னதாக ஒரு கல் பதிக்கக் குழு தீர்மானித்திருக்கிறதாம். பேரரணோடு ஒத்துப்போகிற மாதிரி ஒரு சொல் வேண்டுமாம். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அது நல்ல பதிலாக இருந்திருக்காது. இவர் முந்திக்கொண்டார்.

“ஓட்டை எண்டே எழுதுங்கோ, தலைவர். நான் இந்த வீட்டில இருக்கிறது அதாலைதான்.”

தலைவர் அதைக் குழுவில் வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். கல் இன்னும் வரவில்லை. மழை விட்ட பின்னேரங்களில் இவர் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு தென்மேற்கு மூலைக்குப் போகிறார். கையில் பழைய குடைக்கம்பி ஒன்று. குனிந்து, ஓட்டையில் அடைத்த இலையையும் யோகட் கோப்பையையும் கிளறி எடுத்துவிட்டு, கதவு ஆடுகிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்க்கிறார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன், கிட்டப் போகமாட்டேன். அவர் தானே போகிறார், தானே திரும்பி வருகிறார்.